14 வெற்றி பெற்ற வைக்கிங்ஸுக்கு 5ஆம் இடம்: விதி வளைக்கப்பட்டதா?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லின் 2024 சீசனில் 14 ஆட்டங்களில் வென்ற மினசோட்டா வைக்கிங்ஸ் அணியை பிளேஆஃப் (நாக்அவுட் சுற்று) வரிசையில் 5ஆம் இடத்துக்குத் தள்ளி, 10 வெற்றி மட்டுமே பெற்ற லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸுக்கு 4ஆம் இடமும் சொந்த மைதானத்தில் ஆடும் வாய்ப்பும் கொடுக்க விதியையே மாற்றினார்கள் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

தலா நான்கு அணிகள் கொண்ட எட்டு பிரிவுகள் 2002இலேயே வந்துவிட்டன. லீக்கின் இரண்டு பாதிகளிலும் தலா நான்கு பிரிவுகள்; அந்த நான்கிலும் முதலிடம் பிடிக்கும் அணிகளுக்குத்தான் அந்தப் பாதியின் முதல் நான்கு இடங்கள். முதல் சுற்றில் மேல் இடத்தில் உள்ள அணிக்கே சொந்த மைதானம். வைக்கிங்ஸ் இருந்த பிரிவில் டெட்ராய்ட் லயன்ஸ் 15 வெற்றி பெற்றது. வைக்கிங்ஸை இரண்டு முறையும் தோற்கடித்தது. 2010 சீசனில் 7 வெற்றி, 9 தோல்வியோடு பிரிவை வென்ற சியாட்டில், 11 வெற்றி பெற்ற நியூ ஆர்லியன்ஸைத் தன் மைதானத்திலேயே சந்தித்து 41-36 என வென்றதும் இதே விதியால்தான்.

ராம்ஸ் சொந்த மைதானத்தில் ஆடியது என்பதும் சரியல்ல. லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீயால் வைக்கிங்ஸுடனான அந்த ஆட்டம் அரிசோனாவுக்கு மாற்றப்பட்டது. அங்கே ராம்ஸ் 27-9 என வென்றது.

சரி, விதி நியாயமா? பிரிவை வென்ற அணிக்கு பிளேஆஃபுக்குள் வர இடம் கொடுப்பது நியாயம்தான். சொந்த மைதானத்தையும் சேர்த்துக் கொடுப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். வெற்றிக் கணக்குப்படி வரிசைப்படுத்தலாம் என்று 2025இல் முன்மொழிந்ததும் வைக்கிங்ஸின் பிரிவை வென்ற லயன்ஸ்தான். போதிய ஆதரவில்லாமல் அதை அவர்களே திரும்பப் பெற்றார்கள்.