முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

பழைய சாமான் வாங்கப் போகிறவர்களோடு துணைக்குப் போய்ப் போய் எனக்கு ஒன்று நன்றாகத் தெரிந்துவிட்டது. போனதும் நேராக விலைக்குத்தான் போகிறார்கள். "கடைசியா எவ்வளவுக்குத் தருவீங்க?" அந்த மேசைக்குக் கீழே ஒரு தடவை குனிந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்புறம் பாதி விலைக்கு அடித்தேன் என்று இணையத்தில் படம் போடுவார்கள். பாதி விலை, சரி. எதில் பாதி?

பேரம் கடைசி வேலை. சாமானைக் கவிழ்த்துப் பார்ப்பதுதான் முதல் வேலை என்பது என் கட்சி. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் முதலில் வாங்கியது ஒரு வெள்ளைப் புத்தக அலமாரி. முகப்பு பளபளவென்று இருந்தது, விலையும் சல்லிசு. கழற்றி, வண்டியில் ஏற்றி, மாடிக்குத் தூக்கி வந்து பூட்டினால் திருகாணி எதிலுமே பிடிக்கவில்லை. சுற்றச் சுற்றச் சுற்றிக்கொண்டே இருந்தது. துளையிலிருந்து தூள் கொட்டியது. பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சிராய்களையும் பசை சேர்த்து அழுத்திய பலகை. திருகாணியை ஓரிரு தடவை கழற்றி மாட்டினாலே துளை தளர்ந்துவிடும். ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் ஊறிப் புடைக்கும், காய்ந்தாலும் பழையபடி அமுங்காது. என் அலமாரியின் அடிப்பலகையும் புடைத்துத்தான் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

அதற்காகக் கழற்றிப் பூட்டுகிற சாமானெல்லாம் மட்டம் என்று சொல்ல வரவில்லை. மிக்கேல் தோனெட் என்கிற ஜெர்மன் தச்சர் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி கழற்றிப் பூட்டுவதுதான். 6 மரப் பாகம், 10 திருகாணி, 2 நட்டு, அவ்வளவே. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி அடங்குமாம். ஆனால் அது நீராவியில் வளைத்த முழு மரம். பிடிப்பு தளர்ந்தால் இறுக்கலாம், உடைந்தால் ஒட்டலாம். தூள் பலகையில் எதை ஒட்டுவது?

டிராயர் இருக்கிற சாமான் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம். ஒரு டிராயரை முழுசாக உருவினால் போதும், மொத்தச் சாமானின் ஜாதகமும் தெரிந்துவிடும். முன்பலகையும் பக்கப்பலகையும் சேருகிற மூலையைப் பார்ப்பேன். புறா வாலை விரித்த மாதிரி பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் செய்தவர் மெனக்கெட்டிருக்கிறார். பற்கள் அச்சடித்த மாதிரி ஒரே அளவில் இருந்தால் இயந்திரம் வெட்டியது, கொஞ்சம் முன்பின் இருந்தால் கை வெட்டியது. இரண்டுமே உறுதிதான். வெறும் ஸ்டேப்பிள் பின் அடித்திருந்தால் மரியாதையாக உள்ளே தள்ளிவிட்டு நகர்ந்துவிடுவேன். நூறு வருஷத்துச் சாமான் என்று யாராவது அளந்தால் திருகாணித் தலைகளைப் பாருங்கள். கூட்டல்குறி போட்ட பிலிப்ஸ் தலை 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. நடுவில் யாரோ பழுது பார்த்திருக்கலாம். ஆனால் எல்லாத் திருகாணியும் அப்படியே இருந்தால், அது கதை.

மரத்தில் குண்டூசித் துளைகள் தெரிந்தால் வெள்ளைத் தாளை விரித்து, மேலே நாலு தட்டுத் தட்டுவேன். மாவு மாதிரித் தூள் விழுந்தால் உள்ளே வண்டு இன்னும் வேலையில் இருக்கலாம். எனக்கு வேண்டாம்.

மெத்தையை ஓசியில் கொடுத்தாலும் தொடமாட்டேன். மூட்டைப்பூச்சி சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். "சும்மாதான் பூட்டிக் கிடந்தது" என்பதெல்லாம் சமாதானம் ஆகாது. சோபா என்றால் தையல் மடிப்பையெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் உட்காரவே செய்வேன். பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்குகிற குழந்தைக் கட்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். குழந்தைகள் இடுக்கில் மாட்டி இறந்ததால் அமெரிக்காவில் 2011-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்தார்கள், பழையதை விற்பதையும் சேர்த்து. ரொம்பப் பழைய பெயின்ட் அடித்த சாமானை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கு முன்னாலும் யோசியுங்கள், அந்தப் பெயின்டில் ஈயம் இருக்கலாம்.

அலங்காரச் சாமானில் எனக்கு இவ்வளவு கெடுபிடி கிடையாது. படம் சகிக்காவிட்டாலும் சட்டம் நன்றாக இருந்தால் சட்டத்துக்காக வாங்குவேன். கண்ணாடியில் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால் பின்னால் பூசிய வெள்ளி அரித்திருக்கிறது, துடைத்துப் போகாது. எனக்கு அந்தப் புள்ளி பிடிக்கும். அக்காவுக்குப் பிடிக்காது. "மூஞ்சி பார்க்கத்தானே கண்ணாடி?" என்பாள். அவளைக் கேட்டால் என் வீட்டில் பாதிச் சாமானை வெளியே போட வேண்டியதுதான்.

சரி, பேரத்துக்கு வருகிறேன். எனக்கு அது வராது. வீடு காலி செய்கிறவர்களுக்குச் சாமான் சீக்கிரம் போனால் போதும். இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னாலே விலை தானாக இறங்கும்.

போன மாதம் ஒரு அம்மா வீட்டில் மூன்று டிராயர் வைத்த தேக்குப் பெட்டி பார்த்தேன். டிராயர் இறுகுகிறது என்று அவர்களாகவே விலையைக் குறைத்துச் சொன்னார்கள். நடு டிராயரை ஒருவழியாக இழுத்து வெளியே எடுத்துத் திருப்பினேன். பின்பலகையில் பென்சிலால் 3 என்று எழுதியிருந்தது. கீழே இருந்ததை உருவினால் அதில் 2. இரண்டும் இடம் மாறி இருக்கின்றன. கையால் செய்த சாமானில் ஒவ்வொரு டிராயரையும் அதனதன் பொந்துக்குத்தான் இழைத்திருப்பார்கள்.

வாயைத் திறக்காமல் காசைக் கொடுத்தேன். வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் மனசு கேட்கவில்லை. இடம் மாற்றிப் போட்டுத் தள்ளிக் காட்டினேன். ஒற்றை விரலில் வழுக்கிக்கொண்டு போனது. அந்த அம்மா நாலைந்து தரம் இழுத்து இழுத்து மூடிப் பார்த்தார்கள். "இத்தனை வருஷமும் முழங்காலால இடிச்சுத்தான் மூடினேன்" என்றார்கள்.

விலையைத் திருத்திச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.