செங்கல்லுக்குக் காபன் டெஸ்ட்டா?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் எங்கே ஒரு பழைய செங்கல் கிளம்பினாலும் அடுத்த நாளே முகநூலில் அதற்கு ஒரு வயது வந்துவிடுகிறது. "காபன் டெஸ்ட்டில் 2400 வருடம், நிரூபித்தாயிற்று!" நல்லது. எதை டெஸ்ட் பண்ணினார்கள்?

கல்லுக்கும் செங்கல்லுக்கும் காபன் 14 (உயிர் உள்ளவரை உடலில் சேர்ந்து, இறந்த பின் மெல்ல மெல்லக் குறையும் ஒரு வகைக் காபன்) பார்க்க ஏலாது. அது உயிரோடு இருந்த பொருளுக்கு மட்டும்தான். அதுவும் அந்த உயிர் காபன் எடுப்பதை நிறுத்திய காலத்தைச் சொல்லுமே தவிர, கட்டடம் எழும்பிய காலத்தை அல்ல. செங்கல்லில் பிடி கிடைப்பது, மண்ணோடு குழைத்த உமி கருகி மிஞ்சியிருந்தால்தான். நெல் ஒரு போகத்துப் பயிர், ஆகவே உமியின் வயது சூளை வைத்த காலத்துக்குக் கிட்ட நிற்கும். ஆனால் களிமண்ணில் முன்பே கிடந்த பழைய காபன் சேர்ந்தால் வயது ஏறும். உமியைத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். மரக்கரி இன்னும் சிக்கல். பெரிய மரத்தின் வைரப்பகுதி, மரம் தறிப்பதற்கு நூறு வருடம் முன்பே வளர்ச்சி நின்றதாக இருக்கலாம். நல்ல முதிரை உத்தரத்தை யாராவது எறிவார்களா? பழைய வீட்டைப் பிரித்துப் புது வீட்டில் போடுவார்கள்.

வாவி மட்டிச் சிப்பியும் அப்படித்தான். கடல்நீரில் பழைய காபன் இருப்பதால் கடற்சிப்பி சராசரியாக 400 வருடம் மூப்பாகக் காட்டும். முகத்துவாரம் மூடித் திறக்கும் வாவியில் ஆற்று நீரும் கலக்கிறது. அந்த 400ஐ அப்படியே கழித்துவிட முடியாது. அதே மண்படையில் கருகிய நெல்மணி கிடைத்தால் சிப்பியை விட்டுவிடலாம்.

முகநூலில் சண்டை பிடிக்கிற அந்தப் பழைய காலத்துக்குத்தான் இந்த முறை தடுமாறுகிறது. வளிமண்டலத்தில் காபன் 14 எப்போதும் ஒரே அளவில் இருக்கவில்லை. அதனால் ஆய்வுகூடம் தரும் எண்ணை, வயது தெரிந்த மர வளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். அப்படித் திருத்த உதவும் வரைகோடு கி.மு. 800 முதல் 400 வரை ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. 2450 ± 30 (2450 வருடம், கூடக்குறைய 30) என்று வந்தால், திருத்திய பிறகு அந்த 400 வருடத்தின் பெரும்பகுதியில் எந்த வருடமாகவும் இருக்கலாம். ±30ஐப் பார்த்து மயங்கக்கூடாது. (இன்னொன்று: இந்தக் கணக்கில் "இன்று" என்பது 1950.)

விஞ்ஞானம் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்பவர்களுக்கு ஒரு தகவல். இம்முறையை உருவாக்கி 1960இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க வேதியியலாளர் லிபி, அது சரியா என்று பார்த்தது எகிப்திய அரச கல்லறை மரங்களில். அவற்றின் காலம் வரலாற்றாசிரியர்களுக்கு முன்பே தெரியும். அளவுகோலை முதலில் கொடுத்தது வரலாறுதான்.

செங்கல் சுட்ட காலமே வேண்டுமென்றால் வெப்ப ஒளிர்வு முறை இருக்கிறது: சுட்ட நாளிலிருந்து கதிர்வீச்சால் செங்கல்லில் சேர்ந்ததை, திரும்பச் சூடாக்கும்போது வரும் ஒளியால் அளப்பது. பிழை பொதுவாக 5 முதல் 10 சதவீதம். அதற்குச் செங்கல் கிடந்த இடத்து மண்ணின் கதிர்வீச்சையும் அளக்க வேண்டும். பெயர்த்து வந்து சோகேசில் வைத்தால் அந்தப் பாதி போய்விட்டது.

கரி கண்டால் கையால் தொடாமல், சுத்தமான கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் மடியுங்கள். பேப்பரும் பஞ்சும் வேண்டாம், அவையும் காபன்தான். புல்வேர் ஓடிய துண்டை ஒதுக்குங்கள். இன்றைய கருவிக்கு 1 மில்லிகிராம் காபன் காணும், ஒரு நெல்மணி போதும். எடுக்க முன் ஆழத்தையும் படையையும் குறித்துப் படம் பிடியுங்கள்.

வயது போடுகிறவர்கள் பொருள் எது, எந்தப் படை, ஆய்வுகூட எண் என்ன, திருத்தாத வயதும் திருத்திய வீச்சும் எவ்வளவு என்று சேர்த்துப் போடட்டும். ஒரே ஒரு மாதிரி என்றால் அதையும் சொல்லட்டும்.