சத்தம் வருதாம்! எப்போ வருது?

"சத்தம் வருதுல்ல மேடம்? அப்புறம் என்ன?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துப் போச்சு. வருதுங்க. லேட்டா வருது. பிரச்சனையே அதான்.

நேத்து பொண்ணோட பட்டமளிப்பு விழா. காது கேக்காதவங்களுக்குத் தனி ஏற்பாடு இருக்குன்னு சொன்னாங்க, சந்தோஷமாப் போனேன். ஹால் வைஃபைல ஒரு ஆப். அது போனுக்கு வந்து, போன்லேர்ந்து புளூடூத்ல என் காது மெஷினுக்கு வரணும். வந்து சேர்றதுக்குள்ள கால் செகண்டுக்கு மேல ஓடிடுது. மேடையில அவ பேரைப் படிக்கிறாங்க. கூட்டத்தோட கைதட்டல் மெஷின் மைக் வழியா உடனே காதுல விழுது. பின்னால வந்த பேரு அதுக்கடியில நசுங்கிப் போச்சு. என் பொண்ணு பேருங்க!

"கால் செகண்டுதானே"ங்கறார் சவுண்ட் சர்வீஸ் தம்பி. கால் செகண்டுதானா? நாங்க பாதி காதால, பாதி உதட்டைப் பார்த்துதான் கேக்குறோம். 'ப'வுக்கு உதடு மூடும், 'க'வுக்கு மூடாது. காது விட்டதைக் கண்ணு புடிச்சுக்கும். கால் செகண்டுன்னா சினிமா கணக்குல 6 ஃப்ரேம். அதுக்குள்ள வாய் அடுத்த எழுத்துக்குப் போயிடும். சரி, கண்ணை மூடிட்டுக் கேப்போம்னா, ஸ்பீக்கர் சத்தம் முதல்ல, ஆப் சத்தம் பின்னால, எல்லாமே ரெண்டு தடவை. அரை மணி நேரத்துல தலைவலி.

"எனக்கு யூடியூப்ல சரியா இருக்கே மேடம்"னு வேற சொல்றாரு. புளூடூத் எவ்வளவு லேட்டுன்னு கணக்குப் பண்ணி, போனே படத்தைக் கொஞ்சம் நிறுத்தி வச்சுக்கும் தம்பி. மேடையில பேசறவர் வாயை யாரு நிறுத்தி வைப்பா?

மெஷின் தானா எடுத்துக் குடுக்குற சத்தம் 10 மில்லிசெகண்டுக்குள்ள வந்துடும். சாதாரண புளூடூத் 150, 200ன்னு இழுக்கும். விக்கிறவங்களுக்கு இது தெரியாதா? ஹாலைச் சுத்தி ஒயர் ஓட்டி லூப் போட்டா, என் மெஷின்ல இருக்குற டெலிகாயில்ங்கற சின்னக் கம்பிச்சுருள் அந்த ஒயர்லேர்ந்து நேரா எடுத்துக்கும். போன் வேணாம், ஆப் வேணாம், தாமதமும் தெரியாது. "அதெல்லாம் பழசு"ன்னு ஒதுக்கிட்டு, புதுசுன்னு இதைக் கட்டி வைக்கிறாங்க. ஹால்லேர்ந்து நேரா காது மெஷினுக்கே அனுப்புற புது புளூடூத், ஆராகாஸ்ட், வந்தா சரியாயிடும்னு சமாதானம் சொல்லாதீங்க. அது 2022லயே அறிவிச்சாச்சு, என் மெஷின் அதை எடுக்காது. அதுக்காக இன்னொரு மெஷின் வாங்கணுமா நான்?

ஹாலைத் திறக்கறதுக்கு முன்னாடி எங்கள்ல ஒருத்தரை முன்வரிசையில உக்கார வச்சு, மேடையிலேர்ந்து ஒண்ணு ரெண்டு எண்ணிப் பாத்திருந்தா, அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். யாரும் பாக்கலை. பொண்ணு பேரை ராத்திரி வீட்டுக்கு வந்து, அவ ஃப்ரெண்டு எடுத்த வீடியோவுலதான் கேட்டேன்.