பழைய கிரவுட் மேலேயே பூசினால் நிற்காது

"குளியலறைத் தரையில் டைல் இடுக்கை நிரப்பும் கலவையான கிரவுட் விரிசல் விட்டால் பழையதைச் சுரண்ட வேண்டாம், புதுசைக் குழைத்து மேலே தேய்த்துவிட்டாலே போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மெல்லிய படலத்துக்குப் பிடிமானமே இருக்காது. நாலு தடவை பிரஷ் போட்டுத் தேய்த்தால் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். பழையதை டைல் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்காவது எடுத்து, தூசியைச் சுத்தமாகத் தட்டிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். சலிப்பான வேலைதான், அவசரப்பட்டால் டைல் ஓரம் சில்லு பெயரும்.

அதற்கும் முன்னால், விரிசல் ஏன் வந்தது என்று பாருங்கள். நாணயத்தால் டைலைத் தட்டும்போது 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் அடியில் ஒட்டு விட்டிருக்கலாம். டைல் ஆடுகிற இடத்தில் எந்த கிரவுட்டும் தாங்காது. சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் விரிசல் என்றால் அங்கே கிரவுட்டே கூடாது, சிலிக்கோன் சீலன்ட்தான். இரண்டு பக்கமும் தனித்தனியாக அசையும், வளைந்து கொடுக்கிற பொருள் வேண்டும்.

குழைக்கும்போது பற்பசை பதம் போதும். தண்ணீர் கூடினால் காயும்போது சுருங்கி மறுபடி விரிசல் விடும். 3 மி.மீ.க்கு மேல் அகலமான இடைவெளிக்கு மணல் கலந்த வகையை வாங்குங்கள்.

"கிரவுட் போட்டால் கீழ்வீட்டுக் கசிவு நின்றுவிடும்" என்பதும் தவறு. சிமென்ட் கிரவுட் நீரை உறிஞ்சும். கசிவைத் தடுப்பது டைலுக்கு அடியில் இருக்கும் வாட்டர்புரூஃபிங்.