ஆளில்லை என்பதால் பேருந்தைக் குறைக்கலாமா?
பயணிகள் எண்ணிக்கையை வைத்தே நகரங்களுக்குப் பேருந்து மானியம் பிரிக்க வேண்டும் என்கிறது ஒரு கட்டுரை. ஆனால் மணிக்கு ஒரு பேருந்து வரும் சிறுநகரத்தில் யார் காத்திருப்பார்கள்? ஆள் குறைந்தால் பணம் குறையும், பணம் குறைந்தால் பேருந்தும் குறையும், அப்புறம் இருக்கிறவர்களும் பைக் வாங்கிவிடுவார்கள்.

பேருந்துகள் கூடினால் எல்லோருடைய காத்திருப்பும் குறையும், மானியத்துக்கு அதுவே வலுவான காரணம் என்று பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் மோரிங் 1972இலேயே விளக்கினார். 10 நிமிடத்துக்கு ஒன்று ஓடும் தடத்தில் மணிக்கு இன்னொரு பேருந்து விட்டால் சராசரிக் காத்திருப்பில் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. சிறுநகரத்தில் அதே பேருந்து சுமார் 15 நிமிடம் மிச்சப்படுத்தும். பெருநகரத்தில் பயனடைவோர் அதிகம்தான், சரி. அதற்காக, கார் ஓட்ட முடியாத முதியவரும் மாணவியும் ஊர் சிறியது என்பதால் வீட்டிலேயே இருக்க வேண்டுமா? ஒவ்வொரு ஊருக்கும் குறைந்தபட்சச் சேவைக்கான பணத்தை முதலில் ஒதுக்குங்கள். மீதியைப் பயணிகள் கணக்கில் பிரியுங்கள்.