நூறாண்டு வெள்ளம் என்பது நூறு வருடத்துக்கு ஒன்று அல்ல
"வந்தது நூறாண்டு வெள்ளம் என்று செய்தியிலேயே இருக்கிறது, இனி நூறு வருடத்துக்குக் கவலை இல்லை" என்ற கருத்து இந்த இழையில் பலமுறை பகிரப்பட்டிருக்கிறது. பகிர்ந்தவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்தச் சொல்லே அப்படித்தான் ஒலிக்கிறது.

உண்மையில் அது கால இடைவெளி அல்ல. அந்த அளவு வெள்ளமோ அதைவிடப் பெரியதோ எந்த ஒரு வருடத்திலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் பொருள். இந்த வருடம் வந்துவிட்டதால் அடுத்த வருடத்தின் 1 சதவீதம் குறைந்துவிடாது.

கால்குலேட்டரிலேயே சரிபார்க்கலாம். ஒரு வருடம் வராமல் இருக்கும் வாய்ப்பு 0.99. அதை 30 முறை பெருக்குங்கள், சுமார் 0.74 வரும். 1-லிருந்து கழித்தால் 0.26. அதாவது 30 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது தண்ணீர் வர நாலில் ஒரு பங்குக்கும் சற்று அதிக வாய்ப்பு. 100 முறை பெருக்கி, அதேபோல 1-லிருந்து கழித்தால்? கிடைப்பது 63 சதவீதம்தான், நூறு வருடத்திலும் அது உறுதியில்லை!

அந்த 1 சதவீதமும் ஆற்றின் அளவுமானியில் பதிவான வருடாந்திர உச்சங்களிலிருந்து வரும் மதிப்பீடே. வெள்ள அபாய வரைபடத்தைப் பார்க்கும்போது, எந்த வருடம் வரையிலான பதிவுகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.