தகவலின் வயதும் திரையில் தெரிய வேண்டும்
பேரிடர் நேரத்தில் தகவல் வேகமாக வந்தால் போதும் என்கிறது, மீட்புப் பணிக்கான மென்பொருள்கள் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. போதாது. பாலம் உடைந்த நேரம், ஒருவர் அதைப் பார்த்த நேரம், கணினியில் பதிவான நேரம் மூன்றும் வேறு வேறு. பல மென்பொருள்கள் கடைசியாகப் பதிவானதை மட்டுமே காட்டுகின்றன. நான்கு மணி நேரத்துக்கு முன் "பாதை திறந்திருக்கிறது" என்று வந்த தகவல் வரைபடத்தில் இன்னும் பச்சையாகவே நிற்கும். அதை நம்பி ஆம்புலன்ஸ் கிளம்பிவிடும். எவ்வளவு ஆபத்து! எச்சரிக்கைகளைக் கணினிகள் பரிமாறிக்கொள்ள உதவும் பொதுவான வடிவம் ஒன்று உண்டு; சிஏபி எனப்படும் அந்தப் பொது எச்சரிக்கை நெறிமுறையில், எச்சரிக்கை அனுப்பிய நேரம், நிகழ்வு தொடங்கும் நேரம், காலாவதியாகும் நேரம் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. களத்திலிருந்து வரும் செய்திக்கும் அதே கவனம் வேண்டும். முக்கியமாக, பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதக் கூடாது. முடிவு எடுத்தவருக்கு அந்த நிமிடத்தில் திரையில் என்ன தெரிந்தது என்று பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?